கேலிச்சித்திரத்தின் கதை – 9: பத்து வாக்குகளும் ஒரு மூக்கணாங்கயிறும்

1835 பிப்ரவரி 19. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் மக்களவை கூடியபோது, சுற்றிலும் கரிந்த சுவர்கள் நின்றன. நான்கு மாதம் முன்பு, 1834 அக்டோபர் 16 அன்று, கருவூலத்தின் பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்தார்கள். அன்று இரவுக்குள் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போயிற்று. மக்களவைக்கு உட்கார இடமில்லை. பிரபுக்கள் அவை கூடிவந்த அறையைச் செப்பனிட்டு, அதில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தார்கள்.

முதல் வேலை சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. டோரிப் பிரதமர் ராபர்ட் பீலின் வேட்பாளர் மேனர்ஸ்-சட்டன், 1817 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். எதிர்க்கட்சியான விக்குகளின் வேட்பாளர் அபர்க்ராம்பி. எண்ணி முடித்தபோது அபர்க்ராம்பிக்கு 316, சட்டனுக்கு 306. பத்து வாக்குகளில் ஆளும் தரப்பு தோற்றுவிட்டது.

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள், செயின்ட் ஜேம்ஸ் சதுக்கம் 15ஆம் எண் வீட்டில், லிச்ஃபீல்டு பிரபுவின் மாளிகையில், விக்குகளும் தீவிரச் சீர்திருத்தக்காரர்களும் கூடிப் பேசினார்கள். அவர்களோடு அயர்லாந்தின் டேனியல் ஓ'கானலும் அவர் ஆட்களும் இருந்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஓ'கானலின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. பீலை இறக்குவோம் என்ற ஒரே புரிதல்தான். ஆனாலும் அது 'லிச்ஃபீல்டு இல்ல உடன்படிக்கை' என்ற பெயரில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. பெயரிலேயே ஏதோ சதி நடந்தது போன்ற ஓசை.

ஏப்ரல் 8 அன்று பீல் பதவி விலகினார். மெல்போர்ன் பிரபு மீண்டும் பிரதமரானார். மக்களவையில் அவருக்காகப் பேசியவர் ஜான் ரஸ்ஸல். அந்த வசந்தத்திலிருந்து லண்டன் அச்சுக்கடைகளின் கண்ணாடிச் சன்னலில் ஒரே கருத்து பல உருவங்களில் வந்துகொண்டிருந்தது: இங்கிலாந்தின் அமைச்சரவை ஒரு மாடு, அதன் மூக்கணாங்கயிறு ஓர் அயர்லாந்துக்காரன் கையில்.

அந்தச் சன்னல்களில் மிகுந்த கூட்டம் சேர்ந்தவற்றுள் ஒன்று ஹேமார்க்கெட் 26ஆம் எண்ணில் இருந்த தாமஸ் மக்லீனின் கடை. காசு உள்ளவர்கள் உள்ளே போய்ப் படங்களை வாங்கினார்கள். இல்லாதவர்கள் நடைபாதையில் நின்று பார்த்தார்கள். நாடாளுமன்றத்துக்குள் ஒருநாளும் நுழைய முடியாத மனிதருக்கு, மெல்போர்னின் புருவம் எப்படி இருக்கும், ரஸ்ஸல் எவ்வளவு குள்ளம் என்று சொல்லிக்கொடுத்தவை இந்தச் சன்னல்கள்தாம். மக்லீன் வெளியிட்ட அந்தப் படங்களின் மூலையில் இரண்டே எழுத்துகள்: 'எச்.பி.' யார் இந்த எச்.பி. என்று லண்டன் பல வருடம் ஊகித்துக்கொண்டே இருந்தது.

விடை அந்தக் கையொப்பத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஆங்கிலத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளான 'ஜே', 'டி' இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை எழுதியிருக்கிறார் ஓவியர். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. ஒட்டிப் பார்த்தால் 'எச்.பி.' என்று தெரியும். ஆள் ஜான் டாயில். 1797இல் டப்ளினில் பிறந்தவர், 1820களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர், பக்தி மிகுந்த கத்தோலிக்கர். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் இவருடைய பேரன்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இங்கிலாந்தின் ஆட்சியை ஓர் அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஆட்டிவைக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு அந்தத் தலைமுறையில் எல்லோரும் நம்பும்படியான உருவம் கொடுத்த கை, ஓர் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் கை.

டாயிலின் ஆயுதம் புதிது. சென்ற பகுதிகளில் பார்த்த கில்ரே செப்புத்தகட்டில் கீறியவர். 1805இல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் மனு நாடாளுமன்றத்தில் தோற்றபோதும், 1807இல் கத்தோலிக்கர் பிரச்சினையில் மூன்றாம் ஜார்ஜ் அமைச்சர்களை வெளியேற்றியபோதும், கில்ரேயின் கோடுகள் உதைத்தன, வெடித்தன, வயிறுகளை ஊதிப் பெரிதாக்கின. டாயிலோ கல்லச்சுக்காரர். பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைய வேண்டும். கல்லை நனைத்து மை உருளையை உருட்டினால், ஈரம் பட்ட இடத்தில் மை ஒட்டாது, கொழுப்புக் கோட்டில் மட்டும் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் பென்சிலில் வரைந்தது போலவே சாம்பல் நிறத்தின் அத்தனை மென்மையும் தாளுக்கு வந்துவிடும்.

முன்பு சிறிய உருவப்படங்கள் தீட்டிப் பிழைத்த டாயிலுக்கு இது வாகாக அமைந்தது. அவர் முகங்களைக் கெடுக்கவில்லை. மெல்போர்ன் மெல்போர்னாகவே இருப்பார், வெலிங்டன் வெலிங்டனாகவே இருப்பார். 1840இல் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, எச்.பி.யின் படங்களைப் பார்த்து யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை, அவை அவ்வளவு கண்ணியமானவை என்ற பொருளில் எழுதினார். அது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணியமே அந்தப் படங்களின் வலிமை என்று எனக்குத் தோன்றுகிறது. கில்ரேயின் பூதத்தைப் பார்க்கிறவர் இது மிகைப்படுத்தல் என்று உடனே தெரிந்துகொள்வார். எச்.பி.யின் படத்தில் ஓ'கானல் நல்ல அங்கி அணிந்த, அகன்ற தோள் கொண்ட, நீதிமன்றத்தில் நாம் பார்க்கக்கூடிய வழக்கறிஞராகவே நிற்பார். முகத்தில் பொய் இல்லை. அதனால் அவர் நிற்கும் இடத்திலும் பொய் இருக்காது என்று கண் நம்பிவிடும். அவர் முன்னால் பெரிதாக நிற்பார். அமைச்சர்கள் பின்னால் வருவார்கள், அல்லது அவர் பக்கம் அண்ணாந்து பார்ப்பார்கள். சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிடும்.

இயற்கையும் ஓவியருக்கு உதவிற்று. ஓ'கானல் உயர்ந்த, கனத்த உடம்புக்காரர். ரஸ்ஸலோ மிகக் குள்ளம். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உள்ளபடியே வரைந்தாலே அது தகப்பனும் பிள்ளையும் போல ஆகிவிடும்.

ஓ'கானல் இந்த இடத்துக்கு வந்த வழியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1823இல் அவர் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கத்துக்கு மாதம் ஒரு பென்னி சந்தா. கோயில் வாசலில் ஏழைக் குடியானவர்கள் போட்ட அந்தச் செப்புக் காசுதான் அயர்லாந்தின் முதல் வெகுமக்கள் இயக்கத்தை நடத்தியது. 1828 ஜூலையில் கிளேர் தொகுதியில் அவரே போட்டியிட்டார். அவருக்கு 2,057 வாக்குகள், எதிரே நின்ற அமைச்சர் வீசி ஃபிட்ஜெரால்டுக்கு 982. கத்தோலிக்கர் போட்டியிடத் தடை இல்லை. ஆனால் தம் சமயக் கொள்கையை மறுதலிக்கும் உறுதிமொழியைச் சொல்லாமல் அவையில் உட்கார முடியாது. அயர்லாந்தில் கலவரம் மூளும் என்று அஞ்சிய அன்றைய பிரதமர் வெலிங்டனும் அவர் அமைச்சர் பீலும், அதுவரை தாங்களே எதிர்த்து வந்த கத்தோலிக்க விடுதலைச் சட்டத்தை 1829 ஏப்ரலில் நிறைவேற்றினார்கள்.

அந்த வருடம் அச்சுக்கடைகளில் படங்கள் கொட்டின. அவற்றில் ஒன்றை மறக்க முடியாது. வில்லியம் ஹீத் வரைந்தது. எடின்பரோவில் பதினாறு பேரைக் கொன்று பிணங்களை உடற்கூறு ஆசிரியருக்கு விற்ற பர்க், ஹேர் இருவரும் அப்போது ஊர்ப்பேச்சு. பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டிருந்தான். ஹீத்தின் படத்தில் வெலிங்டனும் பீலும் அந்த இரு கொலைகாரர்களின் வேடத்தில், ஒரு கிழவியின் மூச்சை அடைத்துக் கொல்கிறார்கள். கிழவியின் பெயர் திருமதி அரசியலமைப்பு, வயது 141. 1688ஆம் வருடப் புரட்சியில் பிறந்தவள் என்று கணக்கு. பர்க்கும் ஹேரும் அயர்லாந்துக்காரர்கள் என்பது அன்று படம் பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும். இங்கிலாந்தின் இரு பெரிய மனிதர்கள் அயர்லாந்துக் கொலைகாரர்களாகிவிட்டார்கள் என்ற செய்தி அந்த ஒரு வேடத்துக்குள் அடங்கியிருக்கிறது. பார்க்கப் பார்க்க நெஞ்சைப் பிசையும் படம். ஒரு சமயத்தவர் தங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் அவையில் உட்காரலாம் என்ற சட்டத்தை இவ்வளவு கொடூரமான கொலையாக ஒருவரால் பார்க்க முடிந்திருக்கிறது.

கொடுத்த கையாலேயே எடுத்ததையும் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கருக்கு அவையைத் திறந்த அதே நேரத்தில், அயர்லாந்து மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியை நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுண்டாக உயர்த்தினார்கள். ஏறக்குறைய 2,16,000 வாக்காளர்கள் 37,000ஆகச் சுருங்கினார்கள். கிளேரில் ஓ'கானலை வெல்ல வைத்த குடியானவர்கள்தாம் இப்படி வாக்கை இழந்தார்கள். இதைப் பற்றி ஹேமார்க்கெட் சன்னலில் பெரிய படம் எதையும் நான் கண்டதில்லை.

இனி 1835க்குத் திரும்புவோம். விக்குகளோடு ஓ'கானல் கைகோத்தது இரு தரப்புக்கும் எளிதாக இருக்கவில்லை. 1833இல் அயர்லாந்துமீது அடக்குமுறைச் சட்டம் கொண்டுவந்தவர்கள் இதே விக்குகள். 1834 ஏப்ரலில், டப்ளினுக்குச் சொந்த நாடாளுமன்றம் திரும்ப வேண்டும் என்று ஓ'கானல் கொண்டுவந்த தீர்மானத்தை 523க்கு 38 என்று தோற்கடித்தவர்களும் இவர்களே. அவர்களைக் கொடியவர்கள், ரத்தவெறியர்கள் என்று ஓ'கானல் மேடையிலேயே பழித்திருந்தார். ஆனால் எதிரே டோரிகள். வேறு வழி இல்லை. பிரிட்டனோடான ஒன்றியத்தை ரத்து செய்யும் அந்தக் கோரிக்கையைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்து, இவர்கள் நல்லாட்சி தருகிறார்களா பார்ப்போம் என்று இறங்கி வந்தார்.

உடனே கேள்விகள் பறந்தன. ஓ'கானலின் ஆதரவை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று பிரபுக்கள் அவையில் ஆல்வன்லி பிரபு மெல்போர்னைக் கேட்டார். ஓ'கானல் திருப்பி ஏசினார். 1815இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் டெஸ்டர் என்பவரைக் கொன்றுவிட்ட குற்ற உணர்வில், இனி யாரோடும் சண்டைக்குப் போவதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார். அதனால் மகன் மார்கன் ஆல்வன்லியோடு சண்டைக்குப் போனார். நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. பத்திரிகைகளில் ஓ'கானலுக்குப் 'பெரிய பிச்சைக்காரர்' என்ற பட்டப்பெயர். வழக்கறிஞர் தொழிலின் வருமானத்தை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்தவருக்காக அயர்லாந்தில் வருடந்தோறும் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியை அப்படிச் சொன்னார்கள். அவருடைய உறுப்பினர் குழுவுக்கு 'வால்' என்று பெயர். வாலும் பிச்சைப் பையும் கேலிச்சித்திரக்காரர்களுக்கு வரைய வசதியான பொருள்கள் ஆயின.

இந்தப் படங்களின் அடியில் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. அதைப் படங்களிடமே கேட்க வேண்டும். 1801 ஜனவரி 1 அன்று பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே நாடு என்று சட்டம் சொன்னது. டப்ளின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அதற்கு ஈடாக வெஸ்ட்மின்ஸ்டரில் 100 இடங்கள் கொடுத்தார்கள். 1832 சீர்திருத்தத்துக்குப் பிறகு 105. மொத்தம் 658 இடங்களில் இது ஆறில் ஒன்றுக்கும் குறைவு. 1831 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 78 லட்சம். ஒன்றியம் முழுவதற்கும் 2 கோடியே 40 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்கள், ஆறில் ஒரு பங்குகூட இல்லாத இடங்கள்.

ஒரே நாடு என்றால் யார்க்‌ஷயர் உறுப்பினரின் வாக்கும் அயர்லாந்தின் கெர்ரி உறுப்பினரின் வாக்கும் ஒரே வாக்குதான். யார்க்‌ஷயர்க்காரர் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அமைச்சரவையைக் கவிழ்த்தால் அது ஜனநாயகம். அயர்லாந்துக்காரர் பத்துப் பேர் கவிழ்த்தால் அது 'செல்வாக்கு', மூக்கணாங்கயிறு. ஒன்றியத்தை எந்த விலை கொடுத்தும் காப்போம் என்று சூளுரைத்தவர்களே, ஒன்றியத்துக்குள் அயர்லாந்து வாக்களித்தபோது அந்நியன் புகுந்துவிட்டான் என்று அலறினார்கள். எச்.பி.யின் கண்ணியமான கரிக்கோல் இந்த முரணை அழகாக மூடிவிட்டது. அவர் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். திறமையைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை.

படத்தில் ஆட்டிவைத்த ஓ'கானலுக்கு நிஜத்தில் என்ன கிடைத்தது? பதவி இல்லை. நான்காம் வில்லியம் அரசரே அவரை வெறுத்தார். 1838இல் அயர்லாந்தில் ஓர் உயர் நீதிப் பதவி கொடுக்க முன்வந்தார்கள், அவர் ஏற்கவில்லை. அயர்லாந்து ஆங்கிலிக்கத் திருச்சபையின் உபரி வருமானத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பும் கோரிக்கையை வைத்துத்தான் பீலைக் கவிழ்த்தார்கள். அந்தக் கோரிக்கையையே 1838இல் விக்குகள் கைவிட்டார்கள். தசமபாக வரிச் சட்டம் திருத்தப்பட்டது, ஆனால் சுமை போகவில்லை. நகராட்சிச் சீர்திருத்தம் 1840 வரை இழுபட்டு, நறுக்கப்பட்டு வந்தது. டப்ளின் கோட்டையில் துணைச் செயலராக இருந்த தாமஸ் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நேர்மையாக நிர்வாகம் செய்தார், காவல்துறையில் கத்தோலிக்கரைச் சேர்த்தார். உண்மையான பலன் என்று சொல்ல அதுதான் மிஞ்சுகிறது. கயிறு யார் மூக்கில் இருந்தது என்று இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எச்.பி.யின் படங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

1843 இந்தக் கதையின் திருப்புமுனை. எரிந்த நாடாளுமன்றத்தின் இடத்தில் புதியது எழுந்துகொண்டிருந்தது. அதன் சுவர்களில் ஓவியம் தீட்டப் போட்டி வைத்து, முழு அளவு மாதிரி வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றுக்குக் 'கார்ட்டூன்' என்று பெயர். ஏழைகள் பட்டினி கிடக்கும்போது சுவருக்கு ஓவியமா என்று கொதித்த 'பஞ்ச்' வார இதழ், ஜான் லீச் வரைந்த தன் படத்துக்கும் 'கார்ட்டூன்' என்று அந்த ஜூலையில் பெயர் வைத்தது. இன்று நாம் சொல்லும் கார்ட்டூன் அங்கே பிறந்தது. பஞ்ச் மூன்று பென்னி. படம் மரச்செதுக்கு, எழுத்தோடு சேர்த்தே அச்சிடலாம். மக்லீனின் விலையுயர்ந்த தனித்தாளுக்கு அந்திமம் நெருங்கிவிட்டது. அதே வருடம் டாயில் தாமே பீலுக்குக் கடிதம் எழுதி, எச்.பி. நான்தான் என்று வெளிப்படுத்திக்கொண்டார்.

அதே வருடம் ஓ'கானல் மீண்டும் ஒன்றிய ரத்துக் கொடியைத் தூக்கினார். ஆகஸ்ட் 15 அன்று பழைய அரசர்களின் குன்றான டாராவில் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அக்டோபரில் குளோண்டார்ஃப் கூட்டத்தை அரசு தடை செய்தது. ரத்தம் சிந்தக் கூடாது என்று ஓ'கானல் அடங்கிப்போனார், ஆனாலும் கைது செய்யப்பட்டார். நவம்பர் 4 பஞ்ச் இதழில் கென்னி மெடோஸ் 'அயர்லாந்து ஃபிராங்கன்ஸ்டைன்' வரைந்தார். ஒன்றிய ரத்துக் கிளர்ச்சி ஒரு பூதம், அதைப் படைத்து உலவவிட்டவர் ஓ'கானல். எச்.பி. தொடாமல் விட்டிருந்த அந்த முகம் இங்கே போய்விட்டது. கூட்டத்தையே கலைத்து அனுப்பிய மனிதரைப் பூதம் வளர்ப்பவராக்கியது எவ்வளவு பெரிய அநியாயம்.

பிறகு பஞ்சம் வந்தது. 1847 மே 15 அன்று ஜெனோவாவில் ஓ'கானல் இறந்தார். 1849 பிப்ரவரியில், அயர்லாந்து நிவாரணத்துக்கு 50,000 பவுண்டு ஒதுக்கியபோது, லீச் ஒரு படம் வரைந்தார். ஆங்கிலேயத் தொழிலாளி ஒருவன் முதுகில், பணமூட்டையோடு ஓர் அயர்லாந்துக்காரன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். சிந்துபாத் கதையின் கிழவன் அது. நம்மூர் வேதாளத்தை நினைத்துக்கொண்டால் போதும். பட்டினியில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நாட்டைப் பற்றிய படம் இது. முதுகில் இருக்கிறவன் கொழுத்து, பல் தெரியச் சிரிக்கிறான்.

ஜான் டாயிலின் மகன் ரிச்சர்டு, பத்தொன்பது வயதில், அந்த 1843இல்தான் பஞ்ச்சில் சேர்ந்தார். தகப்பன் கண்ணியமானவர் என்றால் மகன் குறும்பும் கனவும் நிறைந்தவர். குட்டிச் சாத்தான்களும் தேவதைகளும் சுற்றிச்சுற்றி ஆடும் பஞ்ச்சின் புகழ்பெற்ற அட்டை அவர் வரைந்தது. 1850இல் போப்பாண்டவர் இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆயர்களை நியமித்தபோது நாடெங்கும் வெறி கிளம்பிற்று. ஒருகாலத்தில் கத்தோலிக்க வாக்குகளில் ஆட்சி செய்த ஜான் ரஸ்ஸலே, இப்போது பிரதமராக இருந்து, அதற்கு எண்ணெய் ஊற்றினார். பஞ்ச்சும் வாராவாரம் தாக்கியது. போப்பைத் தாக்குவது வேறு, தம் வழிபாட்டை இழிவுபடுத்துவது வேறு என்று ரிச்சர்டு உணர்ந்தார். நல்ல சம்பளத்தையும் புகழையும் விட்டுவிட்டு வெளியேறினார். தகப்பனார் ஒளிந்து நின்ற இடத்தில் மகன் எழுந்து நின்றார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவர் விட்டுப்போன இடத்துக்குப் பஞ்ச் ஓர் இளைஞரை அழைத்துக்கொண்டது. பெயர் ஜான் டென்னியல். 1882இல், டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் அரசின் உயரதிகாரிகள் கொல்லப்பட்டு இரண்டு வாரத்தில், மீண்டும் ஒரு 'அயர்லாந்து ஃபிராங்கன்ஸ்டைன்' வரைந்தவர் அவர். இம்முறை பூதத்தின் முன் ஒடுங்கிக் கிடப்பவர் அயர்லாந்துக் கட்சியின் தலைவர் பார்னெல். 1885 அக்டோபர் 24 அன்று, தூங்கும் பெண்ணின் மேல் பார்னெலின் முகத்தோடு ஒரு ராட்சத வௌவாலைப் பறக்கவிட்டவரும் அவரே. சில வாரங்களில் தேர்தல் நடந்தது. லிபரல்கள் 335, கன்சர்வேட்டிவ்கள் 249. இடைவெளி 86. பார்னெலின் கட்சிக்குக் கிடைத்த இடங்களும் 86. அந்தக் கணக்கு உண்டாக்கிய படங்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

வௌவால் அச்சான அந்த வாரமும் பஞ்ச் வந்தது ரிச்சர்டு டாயிலின் அட்டையோடுதான். 1849இல் அவர் வரைந்த அதே அட்டையை 1956 வரை மாற்றவில்லை.